லெந்து நாள் கலியாணம்

எனக்குப் பொறுமை கிடையாது. எட்டு மாதத்திலேயே அவசரப்பட்டு வந்து விழுந்தவள் என்று அம்மா சொல்வாள். ஓலை வாசித்த பெண் கலியாணம் முடியும்வரை வாசற்படி தாண்டக்கூடாது என்று எங்கள் தெருவில் ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்ட புண்ணியவான் யாரோ தெரியாது. அவனை ஒரு வாரம் எங்கள் வீட்டு நடு அறையில் அடைத்து வைத்திருந்தால் அவனே அதை மாற்றி எழுதியிருப்பான்.

ஓலை என்றால் பனையோலை இல்லை. எங்கள் கோயிலில் கலியாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபைக் குருவான ஐயர் எழுந்து மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் வாசிப்பார். இவர்கள் சேரக்கூடாது என்பதற்கு யாருக்காவது காரணம் தெரிந்தால் சொல்லலாம் என்று சபையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மூன்றாம் ஓலைக்கும் யாரும் வாய் திறக்காவிட்டால் கலியாணம் நடக்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்குள் நடந்துவிட வேண்டும். தவறினால் ஓலை செல்லாது, முதலிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும்.

எனக்கும் அருமைநாயகத்துக்கும் கிறிஸ்மஸ் கழித்து மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தை மாதத்தில் கலியாணம் என்று பேச்சு. அதற்குள் அப்பா பத்திரிகையில் ஒரு படத்தைப் பார்த்துத் தொலைத்தார். டில்லியில் இங்கிலீஷ் ராஜாவுக்குத் தர்பார் நடந்ததல்லவா, அதற்குப் போட்ட பந்தலின் படம். முகப்பில் மூன்று வளைவு, வளைவுக்கு மேல் வளைவு, அதற்கும் மேலே கொடி. அப்பா அந்தப் படத்தை வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டினார். என் கலியாணப் பந்தலும் அதே மாதிரி இருக்க வேண்டுமாம்.

என் அப்பா ஜேசுதாசன், சேரன்மகாதேவியில் மரக்கடை வைத்திருந்தார். சிறு வயதில் மிஷன் விடுதியில் தச்சு வேலை கற்றவர். கையில் உளி இருந்தால் சாப்பாடு வேண்டாம். முற்றத்தில் முதல் வளைவை நிறுத்தினார். நிறுத்திவிட்டு நாலு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ராஜா பந்தலில் கொடியும் இலையும் செதுக்கியிருக்கிறதாம், இதில் மொட்டையாக இருக்கிறதாம். இறக்கிச் செதுக்கினார். தை போனது. மாசி பிறந்தது. நான் உள்ளே அறைக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். உளிச் சத்தம் கேட்டால் ஒரு எரிச்சல், உளிச் சத்தம் நின்றால் அதைவிட எரிச்சல்.

அருமைநாயகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் பையன்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், நான் சின்னப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நடுவே ஒரு ஓலைத் தட்டி. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து உலகப் படம் ஒன்றே ஒன்று. தட்டிக்கு மேலாக நான் கொடுப்பேன், அவர் திருப்பிக் கொடுப்பார். எப்போது கொடுத்தாலும் தலைகீழாகச் சுருட்டித்தான் கொடுப்பார். ஒரு நாள், இப்படிச் சுருட்டுகிற மனுஷனோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்று மனதுக்குள் திட்டினேன். திட்டிய பிறகுதான் உறைத்தது, நான் குடித்தனம் வரைக்கும் போய்விட்டேன் என்று. அவர் எனக்கு முன்பே போயிருந்தார். பெரியவர்கள் பேசியபோது அப்பா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அப்பாவுக்கு மாப்பிள்ளை மேல் குறையே கிடையாது. பந்தல் மேல்தான் குறை.

இப்படி இருக்கும்போது இலங்கையிலிருந்து அவருக்கு வேலை வந்தது. மலைத் தோட்டம் ஒன்றில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வேலை, கூடவே பள்ளிக்கூடமும் நடத்த வேண்டும். முன்பு இருந்த உபதேசியார் காய்ச்சலில் இறந்துவிட்டார், அதனால்தான் இடம் காலி. இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. ஸ்டேஷனில் ரயில் ஊதினால் எழுந்து நிற்பேன். போனால் அவரோடு நானும் போக வேண்டும். காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருந்து கஞ்சி வைக்க வேண்டும். அவரைத் தனியே அனுப்பிவிட்டு, கப்பல் கப்பலாக மற்றவர்கள் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு நான் இங்கே இருக்க மாட்டேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சாம்பல் புதனும் வந்துவிட்டது. அன்று தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் லெந்து, நோன்பு நாட்கள். அந்த நாட்களில் எங்கள் சபையில் யாரும் கலியாணம் வைப்பதில்லை. ஈஸ்டரோடு எங்கள் ஓலைக்கும் ஆயுசு முடிகிறது.

அருமைநாயகம் எங்கள் அப்பாவிடம் பேச வந்தார். இரண்டு பேரும் முற்றத்தில் வளைவுக்குக் கீழே நின்றார்கள். நான் ஜன்னல் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“மாமா, குருத்தோலை ஞாயித்துக்கு முன்ன, லெந்துக்குள்ளயே தூத்துக்குடியில கப்பல் ஏறணும். அங்கன ஆள் இல்லாம பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்காம்.”

“ஏறும் மாப்பிள்ளை. யாரு வேண்டாம்னா? ஒரு வருசம் இருந்துட்டு லீவு போட்டு வாரும். அதுக்குள்ள மூணு வளைவையும் முடிச்சிருதேன். சாரட்டு வண்டி, பேண்டு வாத்தியம், வாணவேடிக்கை, எல்லாம் பாளையங்கோட்டைக்காரனே வாயப் பொளக்கும்படியாப் பண்ணுதேன்.”

“ஒரு வருசமா மாமா?”

“கண்ண மூடித் தொறந்தா போயிரும்வே.”

இப்போது பேசுவார், இப்போது பேசுவார் என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வளைவில் செதுக்கியிருந்த கொடியைத் தடவிப் பார்த்து, “நல்ல வேலைப்பாடு மாமா” என்றார். கையில் உலக்கை இருந்திருந்தால் ஜன்னல் வழியாகவே எறிந்திருப்பேன். பெரியவர்களுக்கு மரியாதை வேண்டியதுதான், அதற்காக வாய்க்குள் மண்ணை வைத்துக்கொண்டா நிற்பது?

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வயல். பிசான நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுப்புக்கு வந்த பெண்கள் காலையிலிருந்து பாடிக்கொண்டே இருப்பார்கள். இசக்கி என்று ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அவர் வந்துபோன மறுநாள் புதுப் பாட்டாக ஒன்று கேட்டது.

கொட்டகை போட்டாராம் கோபுர வாசல் வச்சாராம்
வட்ட வளைவெல்லாம் வாகாச் செதுக்கினாராம்
செதுக்கி முடியுமுன்னே சீமைக்குப் போனானாம்
ஒதுக்கி வச்ச பொண்ணு உத்தரத்தப் பாத்தாளாம்

பந்தலும் வேண்டாண்டி பல்லக்கும் வேண்டாண்டி
சந்தனக் கிண்ணியும் சரிகையும் வேண்டாண்டி
பக்கத்துல நிக்கானே பஞ்சத்துல பொறந்த பய
அக்கம் பக்கம் பாக்காம அவங்கூடப் போயிருடி

நான் அப்போது உண்மையிலேயே உத்தரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சுரீர் என்றது. பின்கட்டுக்கு ஓடி, ஆட்டுரல் மேல் ஏறி நின்று சுவருக்கு மேலே தலையை நீட்டினேன்.

“இசக்கி, யாரப் பத்திப் பாடுதீய?”

இசக்கி நிமிர்ந்து பார்த்தாள். கையில் அரிவாள், முகத்தில் ஒன்றுமே அறியாத பாவனை. “யாரப் பத்தியும் இல்ல தாயீ. குனிஞ்சு அறுக்கதுக்கு ஒரு பாட்டு வேண்டாமா? ஊருல எத்தனையோ பந்தல் இருக்கு.”

“எத்தன இருக்கு?”

“ஒண்ணுதான் இருக்கு” என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். வயலே சிரித்தது.

“உன் கலியாணத்துக்குப் பந்தல் போடலையாக்கும்?” என்று கேட்டேன். வெடுக்கென்றுதான் கேட்டேன்.

“போடத்தான் பாத்தாவ. சீவலப்பேரியில, கோயில் வாசல்ல. எங்க மாமன் நாலு கம்பு வெட்டியாரேன்னு போனாரு. அவரு கம்போட வாரதுக்குள்ள தாலி ஏறிட்டு. எங்க வீட்டுக்காரரு அம்புட்டு அவசரப்பட்டாரு.”

“யாரு அவசரப்பட்டா? இவதான் தாயீ அவரு துண்டப் புடிச்சு இழுத்தா.” பின்னாலிருந்தவள்தான் சொன்னாள். மறுபடியும் சிரிப்பு.

நான் ஆட்டுரலிலிருந்து இறங்கினேன். கோபம் கோபமாக வந்தது, ஆனால் அது அந்தப் பெண்கள் மேல் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அன்று முழுக்க அந்தப் பாட்டுத்தான் காதில். வேண்டாண்டி, வேண்டாண்டி என்று அரிசி களைந்தேன், வேண்டாண்டி என்று வெங்காயம் உரித்தேன். அப்போதுதான் ஒரு கேள்வி வந்தது. லெந்து நாளில் யாரும் கலியாணம் வைப்பதில்லை, சரி. வைக்கக்கூடாதா, அல்லது வைப்பதில்லையா?

மறுநாள் காலை அப்பா கடைக்குப் போனதும் நான் வாசற்படியைத் தாண்டினேன். தெருவில் ஏழெட்டு முகம் திரும்பியது. நான் எந்த முகத்தையும் பார்க்காமல் நேரே மாசிலாமணி ஐயர் வீட்டுக்கு நடந்தேன். ஐயர் பின்பக்கம் கோழிகளுக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஓலை வாசிச்ச பிள்ளை இப்படித் தெருவுல வரலாமாம்மா?”

“வந்தாச்சு ஐயரே. லெந்து நாள்ல கலியாணம் பண்ணக்கூடாதுன்னு சட்டம் உண்டா?”

அவர் கை அப்படியே நின்றது. கோழிகள் காத்துக்கொண்டிருந்தன.

“சட்டம் இல்ல. வழக்கம் இல்ல. பண்ணுனா மேளம் கூடாது, பூ கூடாது, பந்தி கூடாது, பந்தலும் கூடாது. வெறும் ஆராதனை மாதிரிதான் இருக்கும். நான் குருப்பட்டம் வாங்குனதுல இருந்து எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“நான் கேக்கேன்.”

“நீ கேப்ப. ஊரு என்ன கேக்கும் தெரியுமா? அப்படி என்ன அவசரம்னு கேக்கும். மாசம் எண்ணி விரல மடக்கிக்கிட்டே இருக்கும்.”

என் முகம் சுட்டது. எந்தப் பெண்ணுக்குத்தான் சுடாது? எதற்கு விரல் மடக்குவார்கள் என்று தெரியாத பிள்ளையா நான்? ஆனாலும், “மடக்கட்டும். கை வலிச்சா அவுகளே நிமுத்திக்கிடுவாவ” என்றேன்.

ஐயர் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “உனக்கு இருபத்தொண்ணு ஆகலையே. அப்பா சம்மதம் இல்லாம நான் புஸ்தகத்தத் தொறக்க முடியாது. ஜேசுதாசனே வந்து நின்னு உன்னைக் கொடுக்கணும்” என்றார். “அவரு பந்தல விட்டுட்டு வருவாரா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

நான் வீடு திரும்புவதற்குள் செய்தி கடைக்குப் போய், அப்பா வீட்டுக்கு வந்திருந்தார். வளைவுக்குக் கீழே உளியும் கையுமாக நின்றார்.

“எங்கன போயிட்டு வார?”

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். பூ வேண்டாம், மேளம் வேண்டாம், லெந்து நாளிலேயே கட்டிவையுங்கள், நான் அவரோடு கப்பலேறுகிறேன் என்று சொன்னேன். அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதில் கத்தத் தயாராக நின்றேன். அவர் கத்தவில்லை.

“ஏட்டி, அனாதைக் கலியாணமா கேக்க?” என்றார்.

அப்பா தாது வருஷப் பஞ்சத்தில் தாய் தகப்பன் இரண்டு பேரையும் பறிகொடுத்து விடுதிக்கு வந்தவர், அம்மாவும் அப்படியே. அது எனக்குத் தெரியும். அவர்கள் கலியாணத்தைப் பற்றி மட்டும் வீட்டில் பேச்சே வந்ததில்லை. அன்று அப்பா பேசினார். என்னைப் பார்த்துப் பேசவில்லை, உளியைப் பார்த்துப் பேசினார்.

“ஆறு சோடி. ஒரே நேரம். வாக்குக் கொடுக்கதும் ஆறு பேரும் கோரஸா. உங்கம்மைக்கு விடுதிய நடத்துன வெள்ளக்கார மிஸ்ஸியம்மா ஒரு வெள்ளச்சேல கொடுத்தா. ஆராதனை முடிஞ்சதும் அவுத்துத் தொவச்சுத் திருப்பிக் கொடுத்திரணும், அடுத்த வருசம் வேற பிள்ளைக்கு வேணும்லா. சாயந்தரம் அவ பழைய சேலையோட உக்காந்திருந்தா. நான் அவ மூஞ்சியப் பாக்கல. எப்படிப் பாக்க? உனக்கு இவன் வேணுமான்னு ஒரு நாதி அவளக் கேக்கல. வரிசையில நிறுத்தி, எதுக்க நின்னவனுக்குக் கொடுத்தாவ. பிள்ளைகளுக்குச் சிலேட்டு கொடுக்க மாதிரி. எம் மவளுக்கு அப்படி ஒரு கலியாணம் வேண்டாம்.”

இத்தனை நாள் நான் பொருமிக்கொண்டிருந்த அந்த வளைவு எதற்காக நின்றது என்று அப்போதுதான் புரிந்தது. அப்பா பாவம் என்று இருந்தது. ஆனால் பாவம் என்பதற்காக அருமைநாயகத்தை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை.

அம்மா சுளகோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். என் அம்மா சாரம்மாள் அதிகம் பேசமாட்டாள். அப்பா பேசுவார், நான் பேசுவேன், அந்த வீட்டுக்கு அது போதும்.

“யாரு கொடுத்தா?” என்றாள்.

அப்பா நிமிர்ந்தார்.

“மிஸ்ஸியம்மா ஒசரம் பாத்துத்தான நிறுத்துனா? கட்டையா இருக்கவ முன்ன, நெட்டையா இருக்கவ பின்ன. பையம்மாரு வரிசையில நீங்க நாலாவது. பிள்ளைகள்ல நான்தான் எல்லாரையும் விட நெட்ட. ஆறாவதா நிக்க வேண்டியவ.”

“சரி?”

“சரி என்ன? சேலைக்குள்ள முட்டிய மடக்கிக்கிட்டு நாலாவதாப் போய் நின்னேன். மிஸ்ஸியம்மா மூக்குக் கண்ணாடியப் போட்டு, ஒவ்வொரு பேரா எழுதி முடிக்க வரைக்கும் நின்னேன். ரெண்டு தொடையும் வெடவெடன்னு ஆடுது. பக்கத்துல நின்ன கனகத்துக்குச் சிரிப்பு, நான் கிள்ளுனேன்.” அம்மா சுளகிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். “ஆறாவது நின்னவரும் நல்ல மனுசந்தான். ஆனா விடுதிக் கெணத்துக்குக் கப்பி செஞ்சு மாட்டுனது நீங்க. அதுக்கு முன்ன தண்ணி எறச்சு எறச்சு எங்க கையெல்லாம் கொப்புளம். மாட்டிட்டு, ஒரு வார்த்த பேசாம போனீய. அன்னைக்கே நான் முடிவு பண்ணியாச்சு.”

அப்பா அம்மாவைத் தலை முதல் கால்வரை அளந்து பார்த்தார். “அதான் கோயில்ல வந்து நின்னப்போ என்ன விட ஒரு விரக்கடை ஒசரமா இருந்தியா? நான் பயத்துல குறுகிட்டேன்னுலா நெனச்சேன்.”

“நீங்களும் குறுகித்தான் போனீய.”

“இத்தன வருசமா ஏம்ளா சொல்லல?”

“நீங்க கேக்கல. பொம்பள அதப் போய் வாயால சொல்லுவாளா? அந்த வெள்ளச்சேல போனா போவுது, அத யாரு நெனச்சா? இவள அனுப்பி வையுங்க. இவளுக்கு என்ன மாதிரி முட்டி மடக்கி நிக்கப் பொறும கெடையாது.”

அப்பா உளியை வைத்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டார். எங்கே என்று சொல்லவில்லை. மத்தியானம் சோற்றுக்கும் வரவில்லை. அம்மா ஒன்றும் நடக்காதது போல அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்து நடந்து காலே ஓய்ந்துவிட்டது. கோபித்துக்கொண்டு போனாரா, அழப் போனாரா, ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்துவிட்டாரா? ஆள் அனுப்பிப் பார்க்கலாமா என்று கேட்டால், “பைய வருவாரு” என்பதோடு அம்மா நிறுத்திக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். முகம் சிவந்திருந்தது. யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வந்த மாதிரி மூச்சு வாங்கியது.

“வியாழக்கிழமை காலையில” என்றார். “மாப்பிள்ளைகிட்டயும் சொல்லியாச்சு. நான் சொன்னதும் அவரு என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டு விடவே இல்ல. வாயத் தொறந்து கேக்கத் தெரியாத மனுசன் போலுக்கு.” அப்புறம் எரிச்சலோடு, “ரெண்டு முழம் பூவாவது வச்சுக்கிடட்டும்னு அந்த ஐயர்கிட்ட மன்றாடிப் பாத்தேன். லெந்து லெந்துன்னு ஒத்தக் கால்ல நிக்காரு” என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அடுக்களைக்குள் போய், ஒரு செம்பு தண்ணீரை நின்றபடியே குடித்தேன்.

வியாழக்கிழமை காலை மணி அடிக்காமல் கோயிலுக்குப் போனோம். அவர் பக்கத்திலிருந்து அண்ணன் ஒருவர் வந்திருந்தார், எங்கள் பக்கத்தில் அப்பாவும் அம்மாவும். அழைக்காமல் வந்த கூட்டம்தான் அதிகம். லெந்து நாளில் கலியாணம் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தவர்கள். பின்வரிசையில் இரண்டு பெண்கள் மடியில் கையை வைத்துக்கொண்டு விரல் மடக்கியதை நானே கண்டேன். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். அருமைநாயகம் பழைய கோட்டு ஒன்றைத் துவைத்துப் போட்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றதும் அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. போதும் என்று இருந்தது. எனக்கு வேண்டியது ஒரு முழ தூரத்தில் நின்றது.

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அப்பா என்னை முன்னால் கொண்டுவந்து விட்டு எனக்குச் சற்றுப் பின்னால் நின்றார். ஐயர் புஸ்தகத்தைத் திறந்து, இந்தப் பெண்ணை இந்த மனுஷனுக்குக் கொடுக்கிறது யார் என்று கேட்டார்.

அப்பா பேசவில்லை. கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டாரோ? அவருடைய சம்மதம் இல்லாவிட்டால் எல்லாம் இந்த இடத்தோடு நின்றுபோகும். அருமைநாயகம் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். ஐயர் பைய, “ஜேசுதாசன்” என்று கூப்பிட்டார்.

அப்பா பெண்கள் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு ஐயரைப் பார்த்தார்.

“நான் என்னத்தக் கொடுக்க ஐயரே?” என்றார். “அவளே எடுத்துக்கிட்டா. எங்க வீட்டுப் பொம்பளைக அப்படித்தான்.”

இப்படி ஒரு பதில் அந்தப் புஸ்தகத்தில் கிடையாது. ஐயர் என்ன சொல்வதென்று தெரியாமல் பக்கத்தைத் திருப்பி மறுபடியும் திருப்பினார். அப்பா அவருக்காகக் காத்திருக்கவில்லை. என் கையைப் பிடித்து அருமைநாயகத்தின் கையில் வைத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மா கோயிலுக்குள் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.